அம்மா போட்டிருக்கு

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை மருதாயி வாயைத் திறந்த கையோடு நிறுத்திவிட்டேன். அதற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "மாரியம்மாளோடு விளையாடலாமா?" என்று பலாங்கொடையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நான் எங்கே விளையாடினேன்? விளையாடியது மருதாயி. நான் எழுதினேன், அவ்வளவுதான்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதுவரைக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாம்.

தெஹியோவிட்டவுக்கு மேலே மாதெனிய றப்பர் தோட்டம். கீழ்ப்பிரிவில் பன்னிரண்டு காம்பரா லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஏழாவது காம்பராவில் நல்லையா குடும்பம். நல்லையா மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பிறர் சொன்னால் கண்டுபிடிக்கவும் தெரியாத மனுஷன். அவர் மனைவி மருதாயி றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவளுக்கு இரண்டும் நன்றாகவே தெரியும். இளையவள் விஜயகலா கட்டிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. மூத்தவள் பிரேமலதா முப்பது வயதில் வீட்டோடு இருக்கிறாள்.

பிரேமலதாவுக்குப் பஜாரில் முஹ்ஸின் நானாவின் ஸ்டூடியோவில் வேலை. நெகடிவ் திருத்துவாள். மற்றவர்கள் முகத்துப் பருவையும் தழும்பையும் கூரான பென்சிலால் புள்ளி வைத்து வைத்து இல்லாமல் ஆக்கிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அவளுடைய படத்தையும் அவள்தான் திருத்தினாள். அதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்தது.

பதினாறு வயதில் வரவேண்டிய பரு அவளுக்கு இருபத்தாறில் வந்தது. வந்தது போகவேயில்லை. சந்தனம், பாசிப்பயற்றமா, எலுமிச்சம்பழம், பற்பசை என்று எல்லாம் பார்த்தாயிற்று. "எண்ணெப் பலகாரம் திங்காத." "மொகத்த நல்லாத் தேச்சுக் கழுவு." "கல்யாணம் ஆனா தானா போயிரும்." லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் ஃபேன்சி கடையில் ஒரு டியூப் கிடைத்தது. பூசிய மூன்றாம் நாள் முகம் தெளிந்தது. இரண்டு வருஷம் பூசினாள். இரண்டு நாள் விட்டால் போதும், விட்டதற்கும் சேர்த்துத் திரும்பி வரும். தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிந்தது. வெயில் பட்டால் எரிந்தது.

மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அந்த டியூபை வாங்கிப் படித்துப் பார்த்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். "இது குருலே," என்றார் முகத்தைக் காட்டி. சிங்களத்தில் குருலே என்றால் பரு. "குருலேக்கு அந்தக் கிறீம் மருந்தே இல்லை. அது வேறு தோல் வருத்தத்துக்கு, அதுவும் கொஞ்ச நாளைக்குப் பூசுவது. நீங்கள் வருஷக்கணக்காகப் பூசி முகத்தை அதற்கு அடிமையாக்கி வைத்திருக்கிறீர்கள். நிறுத்தினால் முதலில் கூடும். பயந்துபோய்த் திரும்பப் பூசினால் பழைய குழியிலேயே விழுவீர்கள்." இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை, பதினொரு மணிக்குள். தவறினால் அடுத்த திகதி இரண்டு மாசம் கழித்து.

பிரேமலதா நிறுத்தினாள். டாக்டர் சொன்னபடியே கூடியது. கன்னம், தாடை, கழுத்து வரைக்கும் சிவந்து சீழ் வைத்துக் கிளம்பியது.

அந்த நேரம் பார்த்துத்தானா, அவளுக்குப் பேசியிருக்கிற எஹலியகொட மாப்பிள்ளை சுமனின் தாய்மாமன் திங்கட்கிழமை சாயந்தரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க வேண்டும்? பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். அவள் முகத்தைக் கண்டதும் அவர் புருவம் மேலே போனது. மருதாயி பார்த்தாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"புள்ளைக்கு அம்மா போட்டிருக்குங்க."

அம்மா போட்டிருக்கு என்றால் அம்மை, தெரியுந்தானே? மாரியம்மாளே உடம்பில் இறங்கியிருக்கிறாள். நோய் என்று சொல்லக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. தாய்மாமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "மூணு தண்ணி ஊத்தி எறங்கட்டும். அடுத்த வெள்ளிக்கெழம எங்க அக்காவோட வர்றேன். அம்மா வந்த வீட்டுப் பொண்ணு, அதுக்கு மேல எங்களுக்கு என்னா வேணும்?" என்றார்.

போன கிழமை அங்கேதான் விட்டேன். இனி வியாழக்கிழமை.

*

காலை ஆறு மணிக்கு நல்லையா வாசலில் காய்ந்த வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். இந்த மழையூரில் வேம்பு எங்கே வளர்கிறது? கோயிலடியில் ஒரே ஒரு மரம் நோஞ்சானாக நிற்கும். மூன்று நாளில் அதை அவர் மொட்டையடித்துவிட்டார்.

பிறகு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்திருந்த மகளுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, எரிச்சல் கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்குங்க அப்பா."

"எளனி வெட்டவா?"

"வேணாங்க. நீங்க மொதல்ல தேத்தண்ணி குடிங்க."

பிரேமலதா அம்மாவை நீ என்பாள், சண்டையும் பிடிப்பாள். அப்பாவுக்கு மட்டும் எப்போதும் ங்க. பேசப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான், ஒரு தடவைகூட அது விட்டுப்போனதில்லை.

நாலு வருஷமாக அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கோபமில்லை, பாவம், அவருக்குத் தாங்காது. சோற்றுத் தட்டைப் பார்த்துப் பேசுவார், சுவரைப் பார்த்துப் பேசுவார். திங்கட்கிழமையிலிருந்து நேராகப் பார்க்கிறார். ஒவ்வொரு பருவையும் பார்க்கிறார். பார்த்துக் கும்பிடுகிறார். அவளுக்கு அழுகையாக வந்தது. இந்தப் பார்வைக்கு அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள்! கிடைத்தது பொய்க்குத்தான்.

"கோயில்ல மஞ்சத்தண்ணி வாங்கியாறேன். அதுவரைக்கும் வாசப்படி தாண்டிறாத தாயே. ஆத்தாவுக்குக் கோவம் வந்திரும்."

செவ்வாயிலிருந்து அவர் செருப்புப் போடவில்லை. றப்பர் மலையில் அட்டை சும்மா விடுமா? காலெல்லாம் ரத்தப்பொட்டு. அந்தக் காலோடு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பிரேமலதா டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்தாள்.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது என்பது வாசகர்களுக்குத் தெரியும். எட்டாவது காம்பராவில் தங்கம்மா தும்மினால் ஏழாவது காம்பராவில் விளக்கு ஆடும். அதனால் தாயும் மகளும் சண்டையைக்கூட மூச்சுக்குள்ளேயே பிடிக்க வேண்டியிருந்தது.

"அம்மா, இன்னைக்கு வியாழன். எட்டேகால் பஸ்ஸ விட்டா கிளினிக் போச்சு."

"எப்பிடிடி போவ? பன்னெண்டு காம்பராவும் முழிச்சிக்கிட்டு நிக்குது. அம்மா போட்டவ பஸ்ஸேறிப் போறாளான்னு கேக்க மாட்டாங்களா?"

"பொய் சொன்னது நீதானே? நீயே போய் இல்லன்னு சொல்லு."

"அம்மா பேர்ல பொய் சொன்னேன்னு ஒங்கப்பாட்ட நான் சொல்றதா? அந்த மனுஷன் நெஞ்சு வெடிச்சிரும். கோயில் சாவி வச்சிருக்குற மனுஷன்டி."

"சரி, சொல்லாத. அம்மைன்னா ஒம்பது நாள்ல எறங்கிரும். இது எறங்காதே. அடுத்த வெள்ளிக்கெழம அவங்க வந்து நிக்கிறப்ப என்னா சொல்லுவ?"

மருதாயி மடியை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு டியூப் எடுத்தாள். புதிசு, மூடிகூடத் திறக்காதது.

"நேத்து வாங்கியாந்தேன். இன்னைக்கே பூசு. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும், ஒனக்கே தெரியும். அம்மா எறங்கிட்டான்னு தண்ணி ஊத்திருவோம். கல்யாணம் முடியட்டும். அப்பறம் கிளினிக்குக்குப் போ, கொழும்புக்குப் போ, நான் கேக்க மாட்டேன்."

மருதாயியைத் திட்டாதீர்கள். கெட்டவளில்லை. காலை நாலரைக்கு எழும்பிப் பால் வெட்டி இரண்டு பெண்ணை ஆளாக்கியவள். ஒருத்தி கரையேறிவிட்டாள், ஒருத்தி நடு ஆற்றில் நிற்கிறாள், தாய் கையில் கிடைத்த கயிற்றை வீசுகிறாள். அந்தக் கயிறு பிடிக்கும் என்பதுதான் பிரேமலதாவுக்குப் பயம். பூசினால் முகம் தெளியும், அடுத்த வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டு தேத்தண்ணித் தட்டை நீட்டலாம். பிறகு சாகும்வரைக்கும் பூச வேண்டும், புருஷன் கண்ணில் படாமல்.

பிரேமலதாவின் விரல் மூடிவரைக்கும் போனது. உண்மையைச் சொல்கிறேன், திருகினாள். வெள்ளையாக ஒரு மணி வெளியே வந்தது.

"தாயே!" என்று வாசலில் சத்தம்.

*

தங்கம்மா உள்ளே வரவில்லை. படிக்கு அந்தப் பக்கம் ஒரு செவ்விளநீரை வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். மருதாயி டியூபை முந்தானைக்குள் மறைத்தாள்.

"திங்கக்கெழமலருந்து இந்த லயத்துல ஒரு அடுப்பு தாளிக்கல தாயே. கருவாடு கிருவாடு ஒண்ணுமில்ல. புள்ளைங்க சோத்தத் தள்ளிட்டு எந்திரிக்குதுங்க, நான் அடிச்சித் திங்க வைக்கிறேன். மனசு குளுந்து எறங்கணும் ஆத்தா."

பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கம்மாவை அவள் அத்தை என்று கூப்பிடுவாள். போன மாசங்கூடத் தங்கம்மா அவளை நிறுத்தி வைத்து, "எதையாச்சும் திங்கக் கூடாதத தின்னுருப்ப" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இப்போது அதே தாடையை நிமிர்ந்து பார்க்கப் பயப்படுகிறாள்.

"மருமவ ஏழு மாசமில்லையா மருதாயி, இங்கன வச்சிருந்தா ஆகாதுன்னு நேத்தே யட்டியாந்தோட்டைக்கு அவ தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன். பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டே போச்சாம். பரவால்ல, அம்மா காரியம். மிட்வைஃப் மிஸ்ஸிக்கும் சொல்லிட்டேன், இந்தா வருது."

மருதாயியின் முகம் வெளுத்தது.

"மிஸ்ஸிக்கு எதுக்கு சொன்னீங்க அண்ணி?"

"சொல்லாம? வேலைக்குப் போறவங்க வுட்டுட்டுப் போற புள்ளைக் காம்பராவுல இத்தன குஞ்சுங்க கெடக்கு!"

குடை முதலில் தெரிந்தது. பின்னால் தோட்டத்து மிட்வைஃப் சர்மிளா. முப்பத்தைந்து வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு கொப்பி. அவளை யாரும் தடுக்க முடியாது. "எனக்குச் சின்னதுலயே போட்டு முடிஞ்சிது," என்று சொல்லிக்கொண்டே வேப்பிலையை விலக்கி உள்ளே வந்துவிட்டாள்.

ஜன்னல் பக்கம் பிரேமலதாவைத் திருப்பி, தாடையை ஒரு விரலால் தூக்கினாள். கன்னம், நெற்றி, காதோரம் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டாள். பிறகு தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவருக்கு மேலே தெரிந்த இடைவெளியையும் பார்த்தாள்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றாள் சத்தமாக. உட்கார்ந்து கொப்பியை விரித்து எழுதினாள்.

"இது பரு. உனக்குத் தெரியுந்தானே?"

பிரேமலதா பேனையை வாங்கினாள். "தெரியும் மிஸ்ஸி. கிளினிக் இன்றைக்கு" என்று எழுதித் துண்டைக் காட்டினாள். மருதாயி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். குனிந்து பார்த்துவிட்டு டியூபைக் கொப்பிக்கு மேலே வைத்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது.

சர்மிளா டியூபைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அதற்கு மேல் எழுதிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. பிரேமலதாவின் காதருகே வந்தாள்.

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

"இல்ல மிஸ்ஸி. ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்."

"தாடையில முடி மொளைக்குதா?"

பிரேமலதா கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டூடியோவில் படத்துத் தூசி எடுக்கிற சின்ன இடுக்கியால் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்குவாள். அதை அம்மாவிடங்கூடச் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"வெக்கமா இருந்திச்சு."

"அதத்தான் மொதல்ல சொல்லணும். இது அழுக்குமில்ல, சூடுமில்ல, நீ தின்ன பாவமுமில்ல. ஹோர்மோன்னு ஒண்ணு ரத்தத்துல ஓடுது. அது கூடக்கொறைய ஆனா மாசமும் தள்ளும், முடியும் மொளைக்கும், முப்பது வயசுலயும் பரு வரும். ஒனக்கு அதானான்னு ரத்தம் பாத்துத்தான் சொல்லுவாங்க. முப்பது வயசுல பருவான்னு கேக்காத. எனக்கு இருபத்தொம்பதுல இருந்திச்சு."

"போயிருச்சா?"

"ஒரு கிழமையில போகல. மாசக் கணக்குல எடுத்திச்சு. மருந்து பூசுறப்பவும் நடுவுல கூடிச்சு, கொறஞ்சிச்சு. நோண்டாம, தேய்க்காம, கண்டதப் பூசாம இருந்தேன். அடங்கிச்சு. அடங்கும்மா."

நாலு வருஷத்தில் அவளிடம் இப்படி யாரும் பேசியதில்லை. பிரேமலதா சர்மிளாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் சர்மிளா, இந்தத் தடவை மருதாயியைப் பார்த்து. "அம்மைன்னு நான் பதிய முடியாது. ஏழு மாசப் புள்ளைத்தாச்சி ஊரு மாறிப் போயிருக்கா. சாயந்தரம் டிஸ்பென்சர் ஐயாவுக்கு உண்மையச் சொல்லுவேன். அதுக்கு முன்ன தலைவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. அந்த டியூபயும் எடுத்துக்கிட்டுப் போ பிரேமா, டாக்டர்ட்ட காட்டு. பூசிறாத."

சுவரில் மணி எட்டு.

*

பிரேமலதா சேலையை மாற்றினாள். துண்டையும் டியூபையும் பைக்குள் போட்டாள். மருதாயி கதவை மறித்து நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, விலகிச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"ஒங்கப்பா வந்துக்கிட்டிருக்காரு," என்றாள்.

வந்துகொண்டுதான் இருந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, அக்குளில் வேப்பங்கொத்து. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். மகள் படியில் நிற்பதைக் கண்டதும் ஓடி வந்தார்.

"உள்ள போ தாயே, உள்ள போ!"

காம்பரா காம்பராவாகக் கதவு திறந்தது. தங்கம்மா வந்தாள், அவள் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள்.

இதைச் சொல்ல நல்ல இடமில்லை, நல்ல நேரமுமில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அப்பா, இது அம்மா இல்லீங்க. பரு. எனக்கு நாலு வருஷமா இருக்குற அதே பரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேங்க."

 நல்லையா மகளையே பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"சோதிக்கிறா," என்றார். "எங்க ஆத்தா என்னயச் சோதிக்கிறா."

"இல்லீங்க அப்பா..."

"அம்மா போட்டா அப்பிடித்தான் பேசுவாங்க," என்றாள் தங்கம்மா பின்னாலிருந்து. "காய்ச்ச தலைக்கேறியிருக்கு. புடிச்சி உள்ள படுக்க வைங்க அண்ணே."

"காய்ச்ச இல்லீங்க அத்தை! தொட்டுப் பாருங்க! அம்மா, நீயாச்சும் சொல்லேன்!"

மருதாயி வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை அவ்வளவு சுலபமாகத் திறந்த வாய். சத்தம் வரவில்லை. சர்மிளா பேச வந்தாள். "மிஸ்ஸி வேதக்காரங்க, ஒங்களுக்கு இது வெளங்காது" என்று அவளையும் அடக்கிவிட்டார்கள்.

நல்லையா படியில் மண்டி போட்டார். சொம்பை வைத்தார். வாசலை அடைத்துக்கொண்டு, நெற்றியை மகளுடைய காலடியில் வைத்துவிட்டார்.

"என்னா கொற வச்சேன் தாயே? சொல்லு. வூட்ட வுட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாத."

அவருடைய முதுகைத் தாண்டினால்தான் வெளியே போகலாம். கீழே சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. பொய்க்குக் கும்பிடு விழுகிறது. உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்கிறார்கள். பின்னால் சுவர், முன்னால் அப்பா. நாலு வருஷத்து ஆத்திரம் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது.

"வழி விடு!"

அவள் கத்தியது அவளுக்கே கேட்டது. வழி விடுங்க இல்லை, வழி விடு.

நல்லையா தலை தூக்கினார். முப்பது வருஷத்தில் அவர் காதில் விழாத சொல். மகள் பேசமாட்டாள் இப்படி. மகளில்லை என்றால் வேறு யார்?

"ஆத்தா!" என்று தங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி குலவை போட்டாள். இரண்டு பேர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லையா கைகூப்பியபடியே பின்னால் நகர்ந்தார். லயத்து வாசல் முழுக்க இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

பிரேமலதா படியிலேயே நின்றாள். இல்லை, நான் ஆத்தா இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி அடைத்துவிடுவார்கள். சர்மிளா குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தாள்.

"அம்மாவ யாரு மறிக்கிறது? பஸ்ஸு போயிரும்," என்றாள், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

பிரேமலதா நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சந்தியில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகுதான் பார்த்தாள். பின் கதவால் அப்பாவும் ஏறிவிட்டார். வெறுங்கால், ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் வேப்பங்கொத்து.

"ஆத்தாவத் தனியா அனுப்பிருவேனா? எங்க சொல்றியோ அங்க வர்றேன்," என்றார்.

*

தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளைக்கு அரை மணி நேரம். அங்கே மாறினால் இரத்தினபுரி.

நல்லையா உட்காரவில்லை. எதிரே கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றார். கொண்டக்டர் வந்ததும் சிங்களத்தில் அவர்தான் பேசினார். தோட்டத்தில் அவரைப்போல் சிங்களம் பேச ஆளில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே எத்தனை பஞ்சாயத்தில் அவர் வாய்தான் பேசியிருக்கிறது. "தெய்யன்கே லெடே" என்று தணிந்த குரலில் சொன்னார். தெய்வத்து நோய். கொண்டக்டர் இரண்டு டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டான். பக்கத்து ஆசனத்திலிருந்த இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்.

போகாமல் இருந்தது ஒரே ஒரு பெண்பிள்ளை. பாடசாலை ஆசிரியை போல இருந்தாள், மடியில் ஒரு கட்டுக் கொப்பி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிரேமலதாவை நன்றாகப் பார்த்தாள்.

பிரேமலதா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வைத்த கண் வாங்காமல். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிளினிக். டாக்டர் தமிழில் பேசினாலும் சிங்களத்தில் பேசினாலும் இவருக்கு விளங்கும். அதற்குப் பிறகு இந்த முகத்தை இவர் எப்போது பார்ப்பார்? சுவரைப் பார்ப்பார், சோற்றுத் தட்டைப் பார்ப்பார். இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் பாதி வழியில் இறக்கிக்கொண்டு போய்விடுவாரோ?

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆசிரியைக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"அனே, மே தெய்யன்கே லெடே நெமெய்னே," என்றாள் பரிவாக, பஸ்ஸுக்கே கேட்கிற குரலில். "மே குருலேனே! மகே நங்கிட்டத் திபுனா." ஐயோ, இது தெய்வத்து நோய் இல்லையே, இது பருதானே. என் தங்கைக்கும் இருந்தது.

வேப்பங்கொத்து ஆடுவது நின்றது.

நல்லையா அந்தப் பெண்ணைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருடைய உதடு இரண்டு தடவை அசைந்து மூன்றாவது தடவை பேசியது.

"இந்தம்மா என்னா சொல்லுது?"

தோட்டத்திலேயே நன்றாகச் சிங்களம் தெரிந்த மனுஷன் கேட்டார்.

பிரேமலதாவுக்கு வழி தெரியாமலில்லை. ஆத்தாவாக இருந்தால் ஒரு அதட்டலில் முடிந்துவிடும். இன்னொரு தடவை ங்க இல்லாமல் பேசினால் போதும், அவர் கும்பிட்டுக்கொண்டே இரத்தினபுரி வரைக்கும் வருவார்.

"பருன்னு சொல்றாங்க அப்பா," என்றாள். "சரியாத்தான் சொல்றாங்க. நீங்க உக்காருங்க. கால்ல ரத்தம் வருதுங்க."

முப்பது வருஷத்து ங்க. அது காதில் விழுந்ததும் நல்லையாவின் கண் அவள் முகத்தை விட்டு இறங்கியது. சொம்புத் தண்ணீரைப் பார்த்தார். தன்னுடைய காலைப் பார்த்தார். கோயில் மரத்தை மொட்டையடித்த கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கை வேப்பங்கொத்தை அக்குளில் செருகிவிட்டு மேலே போய், கூரையோடு ஓடுகிற மணிக்கயிற்றைப் பிடித்தது.

"எறங்கு லதா," என்றார். மூன்று நாளுக்குப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார். "எறங்கு. வூட்டுக்குப் போவோம்."

பிரேமலதா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே துண்டும் இருந்தது, டியூபும் இருந்தது.

"நீங்க எறங்குறதுன்னா எறங்குங்க அப்பா," என்றாள். "பாத்துப் போங்க. நான் கிளினிக்குக்குப் போறேன்."

நல்லையாவின் கை கயிற்றிலேயே இருந்தது. மணி இன்னும் அடிக்கவில்லை.